அறுபத்தொன்றாம் ஆல்பத்தின் மூன்றாம் பாட்டு

இசை எதிர்வினை வாரியத்திலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் வந்தது. பங்க் ராக் ஆல்பங்களைத் தரம் பிரிக்கும் பணி நடக்கிறது. அந்த ஆல்பங்கள் எல்லாம் உழைப்பாளியின் கோபத்தைப் பாடுவதால், மனம் திறந்து எதிர்வினை சொல்ல அசல் உழைப்பாளி ஒருவர் மூன்று நாளைக்குத் தேவை. திரும்ப நல்ல நிலையில் ஒப்படைக்கப்படுவார்.

மேனேஜர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "எந்த மெஷின் சும்மா நிக்குது?" என்று கேட்டார்.

"ஏழாம் நம்பர் சார். பேரிங் வரலை."

"அதுல யாரு?"

"அரைக்காது சார்."

"அவனை அனுப்பு."

"சார், அவனுக்குப் பாதிக் காது கேக்காது. பாட்டு கேக்கத்தானே கூப்பிடுறாங்க?"

"கேக்கப் போறது அவன். கேட்டவன் என்ன சொன்னான்னு எழுதப் போறது அவங்க. இதுல காது எங்கய்யா வருது?"

இப்படித்தான் அரைக்காது வாரியத்துக்குப் போனான். இருபத்திரண்டு வருஷம் பவர் பிரஸ் ஓட்டியவன். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்புத் தலை இறங்கி அடிக்கும். தகடு கதவுக் கீலாக வெட்டுப்பட்டு விழும். நிமிஷத்துக்கு நாற்பது அடி. அந்தச் சத்தம் அவனுடைய வலது காதை முழுசாகவும் இடது காதில் பாதியையும் தின்றுவிட்டது. மிச்சமிருந்த பாதியில் பக்கத்தில் வந்து கத்தினால் கேட்கும்; எதிரில் இருந்து பேசினால் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வான். சத்தத்தை அவன் உள்ளங்கையாலும் உள்ளங்காலாலும் வாங்கிப் பழகியிருந்தான்.

"பாட்டு கேக்கச் சம்பளமா?" என்று சிரித்தாள் அவன் மனைவி. சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். "நாளைக்கு என்னையும் தூங்கக் கூப்பிடுறாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

வாரியத்தின் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தது: கலகக்காரர்கள் காலைத் துடைத்துவிட்டு வரவும். உள்ளே ஸ்டோர் குமாஸ்தா அரைக்காதின் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். முழங்கைப் பக்கம் தகடு கிழித்த கிழிசல்.

"இது என்ன?"

"வேலையில கிழிஞ்சது சார்."

"சொந்தக் கிழிசலோட உள்ளே போக அனுமதி இல்லை. தரம் பார்க்காத கிழிசல். கழட்டு."

அலமாரியிலிருந்து ஒரு தோல்கோட்டை எடுத்துக் கொடுத்தார். வலது தோளில் ஒன்று, இடது கையில் இரண்டு என்று அளவெடுத்துக் கிழித்து, கிழிசலின் ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்திருந்தது. நாலு ஊக்கு குத்தியிருந்தது. "கிழிசலைப் பெருசாக்கக் கூடாது. ஊக்கைக் கழட்டிப் பல் குத்தக் கூடாது. இங்கே கையெழுத்துப் போடு."

கேட்பு மண்டபத்தில் மெத்தை நாற்காலிகளில் ஆறு பேர் இருந்தார்கள். நிரந்தர எதிர்வினையாளர்கள். ஒவ்வொரு ஆல்பமும் முடிந்த நாற்பது வினாடிக்குள் அவர்கள் பச்சையான, ஒளிவுமறைவற்ற, சொந்த எதிர்வினையைச் சொல்ல வேண்டும். அறுபதாம் ஆல்பம் அப்போதுதான் முடிந்திருந்தது. முதல் ஆள் கொட்டாவியை மென்று விழுங்கிவிட்டு, "என்னைக் கிழித்துப் போட்டுவிட்டது" என்றார். பன்னிரண்டு வருஷமாக எல்லா ஆல்பமும் அவரைக் கிழித்துப் போட்டிருக்கிறது. ஆள் முழுசாகத்தான் இருந்தார், கொஞ்சம் கூடுதலாகவே. இரண்டாவது ஆளுக்குச் சின்ன வயதுத் தனிமை ஞாபகம் வந்தது. மூன்றாவது ஆள், ஆரம்ப கால ஆல்பங்களில் இருந்த நேர்மை இதில் இல்லை என்றார். அது அந்தக் குழுவின் முதல் ஆல்பம் என்று யாரோ நினைவூட்டியபோது, "அதைத்தான் சொல்கிறேன்" என்றார்.

பிறகு தலைவர் எழுந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். தலைமுடி பச்சைச் சாயம். திங்கட்கிழமைதோறும் அலுவலகச் செலவில் பூசப்படுவது. கோட்டில் மற்றவர்களைவிட இரண்டு கிழிசல் அதிகம், பதவிக்கு ஏற்ப.

"நண்பர்களே, நம்மிடையே இன்று ஓர் அசல் உழைப்பாளி வந்திருக்கிறார். பங்க் என்றால் என்ன? அதிகாரத்தை எதிர்ப்பது. இந்த ஊரில் அதிகாரத்தை எதிர்க்கும் அதிகாரம் நம் வாரியத்துக்கு மட்டுமே இருக்கிறது. அனுமதி இல்லாமல் எதிர்த்தவர்கள் மேல் போன வருஷம் மட்டும் பதினேழு வழக்குப் போட்டிருக்கிறோம். கலகத்தின் தரத்தைக் காக்க வேறு வழியில்லை."

கைதட்டினார்கள். தூரத்தில் தலைவரின் உதடு அசைந்தது மட்டும் அரைக்காதுக்குத் தெரிந்தது, அவனும் தட்டினான்.

அறுபத்தொன்றாம் ஆல்பம் வெள்ளை உறையில் வந்தது. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் குழுவின் பெயர், பாடியவர் பெயர், பதிவு செய்த இடம் எல்லாவற்றையும் ஒரு கவரில் வைத்து அரக்கு முத்திரை போட்டுவிடுவது வாரியத்தின் வழக்கம். உறையில் எண் மட்டும் இருந்தது.

பாட்டு ஓடத் தொடங்கியது. அரைக்காதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ தூரத்தில் கொட்டகைக் கூரையைப் பிய்க்கிற மாதிரி இருந்தது. மூன்று நாள் சம்பளம் வாங்குகிறோமே என்ற கூச்சத்தில் அவன் எழுந்து போய், ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். இப்போது வந்தது. ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள் என்பது கையில் கரகரவென்று ஏறியது. அவனுக்குப் பிடித்தது. ஷிஃப்ட் முடிந்து வாசலுக்கு வெளியே வந்ததும் சும்மாவேனும் ஒரு கத்து கத்த வேண்டும்போல இருக்குமே, அது.

மூன்றாம் பாட்டில் ட்ரம்முக்குப் பதிலாக வேறொன்று அடித்தது.

டக். டக். டக். இடது ஓரம் முதலில் விழுந்து, ஒரு மயிரிழை கழித்து வலது ஓரம் விழும் நொண்டி அடி. அரைக்காதின் மணிக்கட்டு இறுகியது. இந்த அடியை அவன் ஆறு வருஷம் சாப்பிட்டிருக்கிறான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நாலாம் நம்பர் பிரஸ்.

டக். டக். டக்-டக்.

கையைச் சூட்டில் வைத்தவன் போல வெடுக்கென்று எடுத்தான். அந்த டபுள் அடி. கிளட்ச்சின் பிடிப்பு விட்டுப்போய், பெடலை மிதிக்காமலே தலை இரண்டாம் தரம் இறங்குவது. பதினோரு மாசத்துக்கு முன்னால் அவன் மனைவியின் தம்பி, வெட்டுப்பட்ட கீலை எடுக்கக் கையை நீட்டினான். தலை மறுபடி இறங்கியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். கம்பெனி கடிதம் கொடுத்தது: சம்பந்தப்பட்ட இயந்திரம் உடைக்கப்பட்டு உருக்கப்பட்டுவிட்டது.

உருக்கப்பட்ட இயந்திரம் பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. மச்சினனை அடித்த காலத்தில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு தரமோ இரண்டு தரமோதான் அப்படி இறங்கும். இந்தப் பாட்டில் நாலு நிமிஷத்துக்குள் மூன்று தரம் இறங்கிவிட்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!" என்று கத்தினான் அரைக்காது.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கேட்பு அலுவலர், கண்ணாடி போட்ட அம்மாள், பரபரவென்று எழுதினார்: உடனடி உடல் எழுச்சி, ஒன்பது மதிப்பெண்.

"மேடம், இது மெஷினு. நாலாம் நம்பர். எங்கயோ ஓடிக்கிட்டிருக்கு. அதுல யாரோ கையை விட்டுக்கிட்டிருக்காங்க!"

"யாரோ கையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்று முதல் எதிர்வினையாளர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "நாம் எல்லோருமே அப்படித்தானே?"

"அந்த இரட்டைத் துடிப்பு தாளத்தின் திட்டமிட்ட முறிவு" என்றார் மூன்றாமவர். "நவீன மனிதனின் தடுமாற்றம்."

"கிளட்ச் தேய்ஞ்சிருக்குங்க!"

"அப்படியும் சொல்லலாம்."

அலுவலர் அவனைத் தன் அறைக்குக் கூட்டிப் போய்ப் படிவம் கொடுத்தார். பதிவு செய்த இடம் எது என்று மட்டும் சொன்னால் போதும் என்று அவன் கெஞ்சினான். கவரைப் பிரிக்க விதி இருக்கிறது என்றார் அவர்: உழைப்பாளியின் சொந்த எதிர்வினை வாரியத்தால் ஏற்கப்பட்ட பிறகே பிரிக்கலாம். "எழுதிக் கொடுங்க. உங்க மனசுல பட்டதை அப்படியே."

அரைக்காது மனசில் பட்டதை அப்படியே எழுதினான். 'இது நாலாம் நம்பர் பிரஸ். கிளட்ச் போய்விட்டது. பெடல் மிதிக்காமல் இறங்குகிறது. உடனே நிறுத்த வேண்டும்.'

அலுவலர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "இதுல நீங்க எங்கே இருக்கீங்க?"

"இதோ, உங்க முன்னாலதான் மேடம்."

"எழுத்துல. 'நான்' என்கிற சொல்லே இல்லை. நாலு வாக்கியத்துல மூணு தகவல், ஒரு கட்டளை. தகவல் எதிர்வினை ஆகாது. தகவலுக்கு வேற அலுவலகம் இருக்கு. இங்கே நாங்க உண்மையை வாங்குறதில்லை, உணர்ச்சியை மட்டும்தான் வாங்குறோம்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த அதிகாரி ஒரு தடித்த ஏட்டைப் புரட்டினார். "நாலாம் நம்பர் உருக்கியாச்சுன்னு இருக்கு. உருக்கின மெஷின் எப்படிய்யா ஓடும்?"

"பாட்டுல ஓடுது சார்."

"பாட்டுல ஓடினா அது வாரியத்தோட வேலை. அவங்க அறிக்கை கொண்டுவா, பார்ப்போம். யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"இனிமேதான் சார் படும்."

"பட்டதும் வா."

மத்தியானம் மறுபடியும் வாரியம். இந்த முறை 'நான்' என்று ஆரம்பித்தான். 'நான் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஆறு வருஷம் வேலை செய்தேன். அதன் கிளட்ச் எனக்குத் தெரியும்.' அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். கிளட்ச் என்பது உணர்ச்சியா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. உதவியாளரைக் கூப்பிட்டார். உதவியாளர் அங்கீகரிக்கப்பட்ட உணர்ச்சிகளின் பட்டியலைக் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு இருந்தன. 'கலக்கம்' இருந்தது, 'கிளர்ச்சி' இருந்தது. கிளட்ச் இல்லை. இந்த ஆராய்ச்சி மூன்று மணிக்குத் தொடங்கி நாலு மணி வரை நடந்தது.

"கோபம் இருக்கா மேடம் அதுல?" என்று கேட்டான் அரைக்காது.

"இருக்கு. ஆனா அது இசையின் மேல் வரணும். ஆளுங்க மேல வந்தா, அது நடத்தைக் குறைவு."

வீட்டுக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். மச்சினன் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு பொத்தானுக்கு ஒரு நிமிஷம் ஆனது. நடந்ததைக் கேட்டுவிட்டு மனைவி, தம்பியின் மிச்சப் பொத்தான்களைத் தானே போட்டுவிட்டாள்.

"என் தம்பி கையைத் தின்ன மெஷின் இன்னும் பசியோட ஓடிக்கிட்டிருக்கு. இவங்களுக்கு உணர்ச்சி பத்தலையாமா? எடுங்க பேனாவை. இன்னைக்கு நான் கொட்டுறேன் உணர்ச்சி."

"என்ன எழுதறது?"

"அந்த ஆறு பேரு என்ன சொன்னாங்கன்னு சொன்னீங்கல்ல? அதையே திருப்பிப் போடுங்க. 'இந்த ஆல்பம் என்னைக் கிழித்துப் போட்டது.' எழுதியாச்சா? 'என் சின்ன வயதுத் தனிமை ஞாபகம் வந்தது.'"

"நாங்க வீட்டுல ஒன்பது பேரு. எனக்கு எங்கே தனிமை?"

"வாயை மூடிட்டு எழுதுங்க. 'என் ஆன்மாவின்...' டேய், ஆன்மாவுல என்னடா வரும்?"

"ஏதாவது ஒரு பார்ட்டைப் போடு அக்கா" என்றான் மச்சினன். "கிளட்ச்சுன்னு போடு."

"அதைத்தானேடா வேணாம்னாங்க!"

"அப்ப விளிம்புன்னு போடு. தகட்டுல விளிம்புலதான் மாமா கை கிழியும்."

"'என் ஆன்மாவின் விளிம்பில் நின்று அழுதேன்.' ஆரம்பத்துல இருந்த நேர்மை இப்ப இல்லைன்னு ஒண்ணு சேர்த்துக்கங்க."

"எதோட ஆரம்பம்?"

"எவனாவது கேப்பான்னு நினைக்கிறீங்க?"

புதன்கிழமை அலுவலர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருஷத்துல இப்படி ஒரு எதிர்வினை வந்ததில்லை. இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை" என்றார். முத்திரை விழுந்தது: ஏற்கப்பட்டது. ஆண்டின் சிறந்த எதிர்வினை. அறுபத்தொன்றாம் ஆல்பத்துக்கு 'உயர்தரக் கோபம்' விருது.

"கவரைப் பிரிங்க மேடம்."

"பிரிப்போம். சனிக்கிழமை, விருது மேடையில."

அரைக்காது நேரே தலைவரின் அறைக்குள் நுழைந்தான். தலைவர் திங்கட்கிழமைச் சாயம் வெளுத்துவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னும் மூணு நாள். அது வரைக்கும் யாரோ ஒருத்தர் கை அதுக்குள்ள போயிட்டுப் போயிட்டு வரும். இடத்தை மட்டும் சொல்லுங்க, நான் யாருகிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்."

தலைவர் அவன் தோளில் கை வைத்தார். காதருகே குனிந்து, உரக்கவே பேசினார். "தம்பி, உன் தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. உனக்கு அது ஒரு கை. எனக்கோ ஆயிரக்கணக்கான காதுகள். ஒரு கைக்காக மதிப்பீட்டின் தூய்மையை இன்று விட்டுக்கொடுத்தால், நாளைக்கு ஒரு கால் வந்து கேட்கும். அதற்குப் பிறகு வாரியம் எதற்கு?"

வியாழனும் வெள்ளியும் வேலை முடிந்த கையோடு அரைக்காதும் மச்சினனும் பட்டறைத் தெருக்களில் அலைந்தார்கள். ஒவ்வொரு பிரஸ் பட்டறையின் வெளிச்சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான் அரைக்காது. "சுவரைத் தடவிக்கிட்டு என்னய்யா பண்றே?" என்று காவலாளிகள் விரட்டினார்கள். ஓர் இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இருபத்தொரு சுவர் தொட்டும் அந்த நொண்டி அடி கிடைக்கவில்லை. தன் தொழிற்சாலையின் பின்சுவரை மட்டும் அவன் தொடவில்லை. அதற்கு அந்தப் பக்கம் துருப்பிடித்த இரும்பு குவிந்து கிடக்கிறது என்பது அவனுக்குப் பதினைந்து வருஷமாகத் தெரிந்த விஷயம்.

சனிக்கிழமை மத்தியானம் விருது விழா. உழைப்பின் வாசனை வேண்டும் என்பதற்காக, வாரியம் இந்த வருஷம் விழாவை ஒரு தொழிற்சாலைக்குள்ளேயே வைத்திருந்தது. அரைக்காது வேலை செய்யும் அதே தொழிற்சாலை. முதலாளிதான் வாரியத்தின் புரவலர். சரக்குக் கிடங்கைக் காலி செய்து, கழுவி, வாசனை போய்விட்டதால் எண்ணெய் கொஞ்சம் தெளித்திருந்தார்கள். அரைக்காதுக்கு மேடையில் நாற்காலி. மனைவியும் மச்சினனும் கடைசி வரிசையில்.

முதலாளிக்கு 'கலகப் புரவலர்' பட்டம் கொடுத்தார்கள். அவருக்கும் ஒரு தோல்கோட்டு, பட்டு உள்துணியோடு. அவர் மைக்கைப் பிடித்தார்.

"எங்கிட்ட நிறையப் பேர் கேக்கறாங்க, உங்களுக்கு எதுக்கு சார் இந்தக் கத்தல் பாட்டுன்னு. நான் சொல்லுவேன், கோபம் மனுஷனுக்கு இயற்கை. அதுக்கு ஒரு வடிகால் வேணும். என் தொழிற்சாலையில சங்கம் கிடையாது. ஆனா மாசம் ஒரு ஆல்பம் உண்டு. பாட்டுல கத்துறவன் பட்டறையில கத்த மாட்டான். இந்த வாரியத்துக்குக் கொடுக்கிற ஒவ்வொரு காசும் நான் காவலுக்குக் கொடுக்கிற காசு மாதிரி!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. பிறகு தலைவர் அரக்கு முத்திரையை உடைத்துக் கவரைப் பிரித்தார். எழுத்துக் கூட்டுவதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"அறுபத்தொன்றாம் ஆல்பம். பதிவு செய்த இடம்... இந்த வளாகத்தின் பின்பக்கக் கொட்டகை, ஒப்பந்தப் பிரிவு. தாள வாத்தியம்... பத்தொன்பதாம் எண் பிரஸ். பழைய எண் நான்கு."

தலைவருக்கு அதில் விபரீதமாக ஒன்றும் படவில்லை. "நம் புரவலரின் மண்ணிலேயே விளைந்த கோபம்!" என்று கூவினார். முதலாளியின் கைகள் தட்டப் போன இடத்திலேயே நின்றுவிட்டன.

மூன்று பெண்கள் மேடையேறினார்கள். கொட்டகை வேலைக்காரிகள். முன்னால் வந்தவள் பாடகி. கடைசியாக வந்தவள் தாளக்காரி. வலது கையில் முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு. கட்டின் நுனி, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில், மொட்டையாக முடிந்தது.

தலைவர் நெகிழ்ந்துபோனார். "பாருங்கள்! கலைக்காகத் தன்னையே கொடுத்த அர்ப்பணிப்பு! இவருக்குத் தனிச் சிறப்புப் பரிசாக..."

"கலைக்குன்னு யாரு சொன்னது?" என்றாள் தாளக்காரி. மைக் தேவைப்படாத குரல். "கீல் வெட்டும்போது அடிச்சது. மெஷின் டபுள் அடிக்குதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னோம். பச்சைப் பெயின்ட் அடிச்சு நம்பர் மாத்தினாங்க. மூணு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தோம். யாரும் கேக்கலை. சரி, பாட்டாப் போட்டாக் கேப்பாங்கன்னுதான் மெஷின் மேலயே மைக்கைக் கட்டி வெச்சுப் பாடினோம். நீங்கதான் கேக்குறதுக்குன்னே இருக்கிறவங்களாச்சே."

அரைக்காது எழுந்து அவள் பக்கத்தில் போனான். "எப்பம்மா? எப்ப அடிச்சது?"

அவனுக்குக் காது மந்தம் என்பது அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பிரஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இடது காதருகே வந்து சொன்னாள். "செவ்வாய்க்கிழமைண்ணே. மூணு, மூணேகால் இருக்கும்."

அலுவலரும் உதவியாளரும் உணர்ச்சிப் பட்டியலில் கிளட்ச்சைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. கீழே ஆறு எதிர்வினையாளர்களும் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள்.

"இப்ப அதுல யாரு?" என்று ஒருவழியாகக் கேட்டான்.

"புதன்கிழமை ஒரு புது ஆளைப் போட்டுட்டாங்க. ஷிஃப்ட் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு."

அரைக்காது மேடையிலிருந்து குதித்தான். மனைவி ஏற்கனவே கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மச்சினன், மூன்று பெண்கள், எல்லோரும் பின்னால். "நேரடி எதிர்வினை! நேரடி எதிர்வினை! ரெக்கார்டரை எடுங்க!" என்று தலைவரின் குரல் துரத்தியது. கிடங்கைச் சுற்றி, துரு இரும்புக் குவியலுக்குள் புதிதாக ஒதுக்கியிருந்த வழியில் ஓடினால், தகரக் கொட்டகை. இருநூறு அடி தூரம் இருக்கும்.

பச்சைப் பெயின்டுக்கு அடியிலும் அவனுக்கு அதை அடையாளம் தெரிந்தது. அதன் முன்னால் முக்காலியில் ஒரு பெண், தலையைத் தூக்காமல், தகட்டை வைத்து, மிதித்து, கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடும்மா! எழுந்திரு!"

அவள் பயந்துபோய் முக்காலியோடு பின்னால் சாய்ந்தாள். மனைவி அவளை இரண்டு தோளையும் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். அரைக்காது மெயின் சுவிட்சை இறக்கினான். மோட்டார் நின்றது. ஆனால் பக்கவாட்டிலிருக்கும் பெரிய இரும்புச் சக்கரம் உடனே நிற்காது. ஏறின வேகம் இறங்கும் வரைக்கும் சுற்றும். சுற்றுகிற வரைக்கும் அந்தத் தலையில் இன்னும் அடி மிச்சமிருக்கும். பிரஸ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மூச்சிரைக்க வாரியம் வந்து சேர்ந்தது. முதலாளி வாசலிலேயே நின்று, "மெஷின்ல ஒண்ணும் இல்லை, ஆளுங்கதான் கவனமா இருக்கிறதில்லை" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவரின் கண்ணில் அவர் படவே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அசல் ஒன்றின் எதிரில் வந்துவிட்ட பரவசம் அவருக்கு. உதவியாளர் கையிலிருந்த கம்பியில்லா ஒலிப்பதிவு மைக்கைப் பறித்துக்கொண்டு நேராகப் பிரஸ்ஸிடம் போனார். "நிற்கப் போகும் சக்கரத்தின் கடைசி மூச்சு! இதைத் தவறவிடக் கூடாது!" என்று, தகடு வைக்கும் இடத்தில் மைக்கையும் கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கையை எடுங்க சார்" என்றாள் தாளக்காரி. "சக்கரம் இன்னும் நிக்கலை."

"ஆகா!" என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல். "சக்கரம் இன்னும் நிற்கவில்லை. என்ன வரி! எழுதிக்கொள்ளுங்கள்."

அரைக்காதுக்கு அந்த உரையாடல் கேட்கவில்லை. கையைத்தான் பார்த்தான். பாய்ந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். இரண்டு பேரும் தரையில் புரண்டார்கள்.

தலை இறங்கியது. டக்-டக். மைக் பப்படமாகத் தட்டையானது. கிடங்கில் ஒலிபெருக்கி ஒருமுறை வீறிட்டு அடங்கியது.

கொட்டகையில் யாரும் கைதட்டவில்லை. கேட்பு அலுவலர் மட்டும், பழக்கதோஷத்தில், படிவத்தைத் திருப்பி, "சார், உங்க எதிர்வினை?" என்று கேட்டார்.

தலைவர் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராகப் பிடித்து விரல்களை எண்ணினார். பத்து இருந்தது. நம்பிக்கை வராமல் முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.

மச்சினன் அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவர் எண்ணி முடிக்கும் வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரியா இருக்கா சார்?" என்று கேட்டான்.